பன்னிரண்டாம் பாரம்

நான் எழுதிய முதல் மதிப்புரை, முடிவைப் படிக்காத ஒரு புத்தகத்தைப் பற்றியது. இப்போது சிரித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிக்கிற நிலையில் இல்லை.

ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் கீழ் வகுப்புகளுக்கு ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. பள்ளிக்கூடம் விட்டால் வாசகசாலை, வாசகசாலை விட்டால் என் வாடகை அறை. வாசகசாலை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைத்தெருவில் ஒரு குடைக்கடையின் மாடி, இரண்டு பெஞ்சு, மூன்று அலமாரி. அவ்வளவுதான். குடைக்கடை பாய்தான் காரியதரிசி. மழைக்காலத்தில் கீழே வியாபாரம் சூடு பிடித்தால் மேலே சந்தா வசூல் நின்றுவிடும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புதுப் புத்தகம் எதுவானாலும் ஒரே பிரதிதான் வாங்க முடியும். படிக்கக் காத்திருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதனால் பாய் குடை தைக்கிற ஊசியாலேயே புத்தகத்தின் தையலைப் பிரித்து, பதினாறு பக்கம் கொண்ட பாரங்களாகத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு எண் எழுதிவிடுவார். ஒருவர் முதல் பாரத்தை முடித்து, அட்டையில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்துப் போவார். அவசரக்காரர்கள் எந்தப் பாரம் கைக்குக் கிடைக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கொலைகாரன் யார் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, செத்தது யார் என்று ஒரு வாரம் அலைந்த ஆட்களை எனக்குத் தெரியும். எல்லோரும் படித்து முடித்த பிறகு பாய் மறுபடியும் தைத்து அலமாரியில் வைப்பார்.

மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் அதைச் சத்தமாகப் படிப்பார்கள். அதில் மதிப்புரைப் பகுதியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். முதலில் வந்தது சிறுவர்களுக்கான ஒரு விஞ்ஞான சாகசக் கதை.

உப்பளத்தில் வேலை செய்கிற பையன். புயலில் அப்பா அம்மா இருவரையும் இழந்தவன். ஒரு செப்புக் கப்பலுக்குள் தெரியாமல் ஏறிவிடுகிறான். அது அவனைச் செவ்வாய்க் கிரகத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. மூச்சு விடுவதற்கு ஒரு மாத்திரை, பசிக்கு ஒரு மாத்திரை. கதை முழுக்க ஒரு பெண்பிள்ளைகூட வரவில்லை, அந்தக் கோபம் எனக்குத் தனியாக இருந்தது. ஆனால் ஐந்தாம் பாரத்தில் ஓர் இடம் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. அந்தக் கிரகத்தில் யாருக்குமே அப்பா அம்மா கிடையாது. குழந்தைகள் கண்ணாடிக் குடுவைகளில் பிறந்து, ஊரே சேர்ந்து வளர்க்கிற பிள்ளைகள். பையன் காதில் மாட்டியிருக்கும் மொழிபெயர்ப்பு யந்திரத்தில் தன்னை அநாதை என்று சொல்கிறான். அந்தச் சொல்லுக்கு அவர்கள் பாஷையில் வார்த்தையே இல்லாததால் யந்திரம் நின்றுபோகிறது.

அந்தப் பக்கத்தை நான்கு தடவை படித்தேன். ஏனென்றால் நானும் விடுதியில் வளர்ந்தவள். வேலூருக்கு அந்தப் பக்கம், மூன்று வயதிலிருந்து. செங்கல்பட்டில் இது யாருக்கும் தெரியாது. அறை கேட்டுப் போன அன்றைக்கு வீட்டுக்காரம்மா முதலில் கேட்டது, அப்பா என்ன செய்கிறார் என்றுதான். ஆரணியில் ஜவுளிக்கடை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். தனியாக வந்து நிற்கிற பெண்ணுக்கு அப்பா இல்லாமல் யார் அறை கொடுப்பார்கள்? நாளாக ஆக அந்தக் கடைக்கு இரண்டு தறியும் எனக்கு ஓர் அண்ணனும் சேர்ந்துகொண்டார்கள். பொய்யைச் சொல்வது சுலபம், அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் பாடு.

பதினோராம் பாரம் வரைக்கும் ஒழுங்காகப் போன கதை, அதன் கடைசிப் பக்கத்தில் தடம் மாறியது. பையனின் கப்பல் பழுதாகிவிடுகிறது. அதைப் பழுது பார்க்க ஒரு கிழவர் வருகிறார். அவரும் பூமியிலிருந்து போனவராம். அதே உப்பளக் கரைக்காரராம். புயலுக்கு முன் அவருக்கு ஒரு மகன் இருந்தானாம். அவர் பையனின் தோளில் கை வைத்து, "உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்கிறார். அதோடு பாரம் முடிந்துவிட்டது.

கடைசியான பன்னிரண்டாம் பாரம் வாசகசாலைக்குத் திரும்பி வரவில்லை. வந்துதான் ஆக வேண்டுமா என்ன? கிழவர்தான் அப்பா, கட்டிப்பிடித்து அழுவார்கள், எல்லாம் சுபம். இதைக் கண்டுபிடிக்கச் செவ்வாய்க்குப் போக வேண்டியதில்லை.

எனக்கு ஏழு வயதில் விடுதியில் யாரோ ஒரு கதை சொன்னார்கள். தொலைந்துபோன மகளை ஒரு ராஜா மச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கிற கதை. என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் உண்டு. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தோறும், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட் ஓரமாக நின்றிருக்கிறேன். வந்தவர்கள் எல்லாம் அரிசி மூட்டை இறக்க வந்தவர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டுக்கு வெளியே ஓர் அநாதைக் குழந்தைகள் விடுதி இருந்தது. அதை நடத்திய அம்மாள், ஆண்டு விழாவில் முப்பது பிள்ளைகளுக்கும் இந்தப் புத்தகத்தையே பரிசாகக் கொடுக்கலாமா என்று பாயிடம் கேட்டிருந்தார். அநாதைப் பையன் கதை, அநாதைப் பிள்ளைகளுக்குப் பொருத்தம் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். டீச்சர் மதிப்புரையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று பாய் சொல்லிவிட்டார். முப்பது பிள்ளைகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பது என் கண் முன்னால் வந்தது. இந்தப் புத்தகம் அந்த விடுதிக்குள் போகக் கூடாது என்று முடிவு கட்டினேன்.

ஒரே சாயங்காலத்தில் ஆறு பக்கம் எழுதினேன். அப்பாவே இல்லாத கிரகத்தில்கூட இந்த ஆசிரியருக்கு ஓர் அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தாமல் தூக்கம் வரவில்லை என்று எழுதினேன். இது கதை அல்ல, மோசடி என்றும் எழுதினேன். வெள்ளிக்கிழமை பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். பிறகு கேட்டார்.

"நல்லாத்தான் கீது டீச்சரம்மா. ஆனா பன்னெண்டாம் பாரம் ஊர்லயே இல்லியே. நீங்க எங்க படிச்சீங்க?"

எனக்கு முகம் சுட்டது. எல்லாக் கதையும் அப்படித்தானே முடியும் என்றேன். அவர் மறுக்கவில்லை. இருக்கலாம், ஆனால் கையெழுத்தில்லாத பாரத்துக்கு மதிப்புரை போட்டால் நாளைக்கு எல்லோரும் அட்டையைப் பார்த்தே எழுதிவிடுவார்கள் என்று மட்டும் சொன்னார். வேண்டுமானால் அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம் என்றார். அடுத்த மாதத்துக்குள் விடுதியில் ஆண்டு விழா முடிந்துவிடும். பாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். அம்மை குத்துகிறவர் ஒருவர் எங்கள் சந்தாதாரர், போன மாதம்தான் அவரைக் கடற்கரைப் பக்கம் மாற்றியிருந்தார்கள். பன்னிரண்டாம் பாரத்தையும் பையில் போட்டுக்கொண்டு மகாபலிபுரம் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். என் ஆறு பக்கம் பையில் இருந்தது. பாரத்தைப் படிக்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் நாளைக்குக் கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருக்கழுக்குன்றத்தில் பாதி பஸ் காலியானது. மகாபலிபுரத்தில் இறங்கி விசாரித்தால், அவர் வீடு பூட்டியிருந்தது. சாளுவன்குப்பத்துக்கு அம்மை குத்தப் போயிருக்கிறார் என்றார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோரமாகவே நடந்தேன். மணல் காலைச் சுட்டது. திரும்பிப் போகலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, அவ்வளவு பிடிவாதம்.

குப்பத்துக்கு வெளியே பனைமரங்களுக்கு நடுவே கட்டுமரங்கள் கிடந்தன. அவற்றின்மேல் இருபது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மை குத்த வந்தால் பிள்ளைகள் ஓடி ஒளிவதுதான் உலக வழக்கம். இங்கே ஒன்றும் அசையவில்லை. காரணம், அம்மை குத்துகிறவர் கையில் இருந்த பன்னிரண்டாம் பாரம். ஒரு பிள்ளைக்கு ஊசி, அடுத்து ஒரு பத்தி கதை. அப்படித்தான் ஐந்து குப்பங்களை முடித்திருக்கிறார். முந்தின பாரங்களின் கதையைத் தானே சுருக்கமாகச் சொல்லிவிடுவாராம். பாரம் ஏன் திரும்பி வரவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு, இந்தக் குப்பத்தை முடித்துவிட்டால் தந்துவிடுவதாகச் சொன்னார். கூடவே ஓர் உதவியும் கேட்டார். நான் படித்தால் அவருக்கு இரண்டு கையும் கிடைக்கும், வேலை சீக்கிரம் முடியும். பாரத்தை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். அப்படித்தான் அந்த முடிவை நான் முதல் தடவையாக, இருபது பிள்ளைகளுக்கு முன்னால், சத்தமாகப் படித்தேன்.

கிழவர் சொல்கிறார்: என் மகன் அந்தப் புயலில் செத்துப்போனான். என் கையாலேயே புதைத்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன். நீ அவன் இல்லை. நீ வந்த நாளிலிருந்து, நீதான் அவன் என்று உன்னிடம் பொய் சொல்லிவிடலாமா என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

அதற்கு மேல் படிக்காமல் நிறுத்திவிட்டேன். நான் நினைத்தது தப்பு என்பதால் அல்ல. அவர் அப்பாவாக இருக்க வேண்டும் என்று பஸ்ஸிலிருந்து, ஏன் பதினோராம் பாரத்திலிருந்தே, நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது. இருபத்திரண்டு வயதில், ஒரு பள்ளிக்கூட டீச்சர், யாரோ ஒரு செப்புக் கப்பல் கிழவருக்காக மணலில் உட்கார்ந்து அழுதேன்.

முன்னால் இருந்த ஒரு பெண்பிள்ளை பொறுமை இழந்துவிட்டாள். "இன்னா நின்னுட்ட? படி. அப்பால இன்னா ஆச்சு?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படித்தேன். பையன், சுத்தியலை எடுங்கள், கப்பலைச் சரி செய்வோம் என்கிறான். இருவரும் சேர்ந்து சரி செய்கிறார்கள். பையன் தனியாகவே கப்பலை ஓட்டிக்கொண்டு உப்பளத்துக்குத் திரும்புகிறான். கடைசி வரி வரைக்கும் குரல் உடையாமல் படித்தேன். அதற்குள் இருபது கைகளும் முடிந்திருந்தன.

அவர் ஊசியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு குப்பத்துலகூட அப்பனைப் பத்தி யாரும் கேக்கல டீச்சர். கப்பலு கெளம்புச்சா இல்லியான்னுதான் கேக்குதுங்க."

அட்டையில் அவர் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். மகாபலிபுரத்தில் திரும்பும் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய ஆறு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். இரண்டே பக்கம். முதல் வரியை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். அடித்தால் மற்றதற்கு அர்த்தமில்லை. கிழவருக்கு ஒரு பொய்யை விழுங்கத் தைரியம் இருந்ததே, எனக்கு இல்லையா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். விடுதி அம்மாள் முன்வரிசையில். என் வீட்டுக்காரம்மா ஜன்னலோரம். பெண்கள் எழுதியதைப் பாய்தான் எழுந்து படிப்பார், அது அங்கே வழக்கம். அன்றைக்கு நானே படிக்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்து நின்று முதல் வரியைப் படித்தேன்.

"நான் அநாதை விடுதியில் வளர்ந்தவள். அதனால்தான் இந்தப் புத்தகத்தின் முடிவைப் படிக்காமலேயே அதைப் பற்றி ஆறு பக்கம் எழுதினேன். எழுதியது தப்பு."

வீட்டுக்காரம்மா பக்கம் பார்க்காமல் மீதியைப் படித்து முடித்தேன். அந்த அம்மா அடுத்த மாதமே அறையைக் காலி செய்யச் சொன்னார். அநாதையாக இருந்ததற்காக இல்லை, ஆரணி ஜவுளிக்கடைக்காக என்றார். அதில் நியாயம் இருந்தது. வேறு அறை தேடிக்கொண்டேன், இந்தத் தடவை உண்மையைச் சொல்லித் தேடியதால் மூன்று வாரம் பிடித்தது.

ஆனால் அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் விடுதி அம்மாள் என்னிடம் நேராக வந்தார். கிழவர் அப்பா இல்லை என்று தெரிந்தால் பிள்ளைகள் உடைந்துபோய்விடுவார்களே, இதைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டார்.

"கொடுங்க. எல்லாப் பிரதியிலயும் கடைசிப் பாரத்தை மட்டும் பாய் பிரிச்சு வெச்சுக்கட்டும். எல்லாரும் பதினோராம் பாரம் வரைக்கும் படிச்சதும் எனக்கு ஆள் அனுப்புங்க. கடைசிப் பாரத்தை நான் வந்து படிக்கிறேன்."