வாசிக்காமல் விட்ட பத்தி

தாராவியில் நான் வேலை பார்த்த தோல்பை தைக்கும் கார்கானாவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முதலாளி பள்ளிக்கூடம் போனதில்லை. மற்றவர்கள் பம்பாயில் பிறந்து இந்தியில் சண்டை போடுகிறவர்கள். மதியம் சாயா குடிக்கும்போது நான் பேப்பர் வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

எண்பதுகளின் கடைசியில் எய்ட்ஸ் பற்றி ஓயாமல் செய்தி வந்தது. எங்கிருந்து வந்தது என்பதுதான் எல்லோருக்கும் வேண்டும். "அமெரிக்காக்காரன் லேப்ல பண்ணது, பக்கா" என்பான் தையல்காரன். ஆப்பிரிக்கக் குரங்கு என்பார் முதலாளி. நான் கப்பல் கட்சி. "தொறமுகத்துல எறங்குதவனுவ கொண்டாந்ததுதாம்ல இது" என்று அடித்துப் பேசுவேன். பேப்பர் என் கையில் இருந்ததால் பெரும்பாலும் நானே ஜெயித்தேன். தொட்டால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது என்று ஒரு டாக்டர் எழுதிய பத்தியும் ஒருநாள் வந்தது. அதை வாசித்தால் சண்டை சப்பென்று போய்விடும் என்று தாண்டிவிட்டேன்.

எங்களுக்குத் தோல் வெட்டித் தந்தவர் மூத்தவர்; முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோருக்கும் காக்கா. முன்பு சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். நான் கப்பல் என்று சொல்லும்போதெல்லாம் தலைகுனிந்து கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். அந்த மழைக்காலத்தில் ஆள் பாதியானார். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்து, அதுதான் என்றார்கள். தையல்காரன் அவருடைய சாயா கிளாஸை உடைத்துப் போட்டான். நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. இன்றுவரை அது வலிக்கிறது.

காக்கா இறந்ததும் மையித்தை பிளாஸ்டிக்கில் சுற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிப்பாட்டித்தான் அடக்க வேண்டும். பலகை போட்டு, தண்ணீரும் நிரப்பி வைத்தாயிற்று. ஆனால் வழக்கமாகக் குளிப்பாட்டும் இருவரும் சந்துமுனையிலேயே நின்றுவிட்டார்கள். அங்கேயும் அதே வாக்குவாதம்: கப்பலில் வாங்கியதா, ஆஸ்பத்திரி ஊசியில் வந்ததா?

"அரே, கப்பல்னு நீதானே சொன்ன?" என்று தையல்காரன் என்னைச் சாட்சிக்கு இழுத்தான். குளிப்பாட்டாமலே அடக்கிவிடலாம் என்று பேச்சு போயிற்று.

காக்காவின் மனைவி வாசலுக்கு வந்தார். அண்ணி முறைக்கு நான் மைனி என்று கூப்பிடுவேன்.

"தம்பி, எங்கேருந்து வந்துதுன்னு எனக்கு வேண்டாம். தொட்டா ஒட்டுமா, ஒட்டாதா? அத மட்டும் சொல்லுங்க."

"ஒட்டாது மைனி. டாக்டரே எழுதியிருக்காரு."

"பொறவு ஏம்ல அன்னிக்கு அத வாசிக்கல?" என்றார் முதலாளி. இட்டுக்கட்டுகிறேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மைனி மட்டும் நம்பினார். புருஷனை மனைவி குளிப்பாட்ட மார்க்கத்தில் தடையில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "உள்ள வாங்க தம்பி. ஒத்தையில என்னால அவியளப் பொரட்ட முடியாது."

செருப்பைக் கழற்றினேன். படி வரை போனேன். உள்ளே பலகைமேல் காக்காவின் பாதம் தெரிந்தது. ஒட்டாது என்று அந்தச் சந்தில் தெரிந்த ஒரே ஆண் நான்தான். ஆனாலும் கால் நகரவில்லை.

மைனி என் முகத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் இருபது ஆண்கள் வெளியே நின்றோம். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. நடுநடுவே, அவரைப் புரட்ட முடியாமல் மைனி மூச்சு வாங்குவதும் கேட்டது.