கொடுத்தபடியே

காலை பத்தே கால் மணிக்கு என் அண்ணன் மகன் போன் செய்தான். காணும் பொங்கல் அன்று. என் கணவரின் ஊர் வீட்டில், பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அத்தை, இந்த வருசம் மாத்தாளா மச்சானத்தான் கேக்குறோம். ஒங்க ஊரு டீமுக்குச் சொல்லிட்டோம். ஒங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லிடலாம்னுதான்."

"எந்த மச்சான்டா?"

"ஒங்களுக்கு எத்தன புள்ள அத்தை?" என்று சிரித்தான்.

எனக்கு ஒரே பிள்ளை.

"டேய், அவன்தானடா இங்க மெயின் ஆளு. அவனப் போயி யாராவது கேப்பாங்களா?"

"கேக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு? எங்க ஊரு பொண்ணு பெத்த புள்ள யாரா இருந்தாலும் கேக்கலாம். கேட்டா குடுக்கணும். அதான வழக்கம்?"

அவன் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. வழக்கம் அப்படித்தான். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

வெள்ளாற்றுக்கு வடகரையில், பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் என் கணவரின் ஊர். தென்கரையில், சிதம்பரம் பக்கமாக நான் பிறந்த ஊர். நாங்கள் குடியிருப்பது கடலூரில். அவருக்கு சிப்காட்டில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடத்தில். பொங்கலுக்கு மட்டும் தவறாமல் ஊருக்கு வந்துவிடுவோம். இரண்டு கரைகளும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. காணும் பொங்கல் அன்று இரண்டு ஊருக்கும் கபடி நடக்கும். ஒரு வருஷம் இந்தக் கரையில் நடந்தால் மறு வருஷம் அந்தக் கரையில்.

மற்ற இடங்களில் இல்லாத ஒன்று இந்த ஆட்டத்தில் உண்டு. ஒவ்வொரு டீமும் தன் ஆள் ஒருவனை அன்று ஒரு நாளைக்கு எதிர் ஊருக்குக் கொடுக்க வேண்டும். அவனுக்கு மாத்தாள் என்று பெயர். எதிர் ஊரில் பிறந்த பெண்ணின் மகனாக அவன் இருக்க வேண்டும். மதியம் மாமன் வீட்டில் சாப்பிட்டு, அந்த ஊர் பனியனைப் போட்டுக்கொண்டு, அந்த ஊருக்காகவே ஆட வேண்டும். திறமையை ஒளித்து ஆடக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர்க்காரர்கள் புது வேட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்து அவனை அவன் வீட்டு வாசலுக்கே கூட்டி வருவார்கள். அம்மா வாசலுக்கு வந்து கேட்பாள்: "கொடுத்தபடியே கொண்டாந்தீங்களா?" அவர்கள் எல்லோரும் ஒரே குரலில், "கொடுத்தபடியே" என்பார்கள். பிறகு டீ. ஜெயித்தது யார் தோற்றது யார் என்பதெல்லாம் அந்த டீயோடு இறங்கிவிடும்.

நம் வீட்டுப் பையன் எதிரே நிற்கும்போது யாராலும் முழு மனதோடு திட்ட முடியாது. வழக்கம் எதற்காக வந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் அது செய்த வேலை இதுதான். என் கணவர் எனக்கு அத்தை மகன். முன்பே தெரிந்த முகம். ஆனாலும் ஒரு வருஷம் அவர் மாத்தாளாக நான் பிறந்த ஊர் பனியனில் வந்து, பாடிப் போன ஒவ்வொரு தடவையும் பிடிபட்டு, முகமெல்லாம் மண்ணாகச் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தாரே, அன்றைக்குத்தான் அவரைச் சரியாகப் பார்த்தேன்.

மாத்தாளைக் கேட்பதில் ஒரு நாகரிகம் இருந்தது. சுமாராக ஆடுகிறவனைத்தான் கேட்பார்கள். நல்ல ஆளைக் கேட்பது, விருந்துக்குப் போன வீட்டில் சட்டிக்குள் கையை விட்டுக் கறித்துண்டு பொறுக்குவது மாதிரி. யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்ல வேண்டியிருந்ததும் இல்லை.

மண் தரை போய் ரப்பர் விரிப்பு வந்தது, விளக்குக் கம்பம் வந்தது, செல்போனில் நேரலை வந்தது. அதெல்லாம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருஷம் முழுவதும் வாட்ஸ்அப்பில் ஆட்டம் நடக்க ஆரம்பித்துவிட்டது. போன வருஷம் எங்கள் வடகரை தோற்றது. மறுநாள் காலையில் ஆற்றுப் பாலத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் தொங்கியது. எங்கள் டீம் போட்டோவுக்கு மாலை போட்டு, 'மீளாத் துயரில் அக்கரை மச்சான்கள்' என்று அச்சடித்திருந்தார்கள். உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் முகத்துக்கு மாலை. அதில் என் மகன் முகமும் இருந்தது. அண்ணன் மகனைக் கூப்பிட்டுத் திட்டினேன். "காமெடி அத்தை, லைக்கு எவ்ளோ ஜாஸ்தி பாருங்க" என்றான். அவன்தான் அந்தக் கரையின் கேப்டன்.

இந்த ஜனவரியில் என் மகன் போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். அடுத்தது ஓட்டமும் கயிறு ஏறுதலும். அதற்காகக் கடலூரில் விடியற்காலையில் எழுந்து கடற்கரை மணலில் ஓடிக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே அவன் ஆசைப்பட்டது அந்தக் காக்கிச் சட்டை ஒன்றுக்குத்தான். எனவே இந்த வருஷம் ஆடவே வேண்டாம் என்று பொங்கலுக்கு முன்பிருந்தே கெஞ்சிக்கொண்டிருந்தேன். போன் வந்த பிறகு மறுபடியும் கெஞ்சினேன்.

"கேட்டுட்டாங்கம்மா. போகலன்னா ரெண்டு ஊருக்கும் அசிங்கம்" என்றான்.

அவன் பைக்கை எடுக்கும்போது வாசலில் அவன் சினேகிதன் நின்றிருந்தான். நாங்கள் கடலூருக்குக் குடிபோகும் வரை ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன், இப்போது இங்கே மெயின் ரோட்டில் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். எங்கள் டீமில் காலைப் பிடிக்கிறவன் அவன்தான். என் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவன்.

"மாப்ள, அங்க போயி சும்மா பாடிட்டு யாரையும் தொடாம திரும்பிடு. புரியுதுல்ல?"

"அங்க போனா அங்க ஆளுடா."

"அப்ப நாங்களும் அந்த ஊரு ஆளப் புடிக்கற மாரிதான் புடிப்போம்."

"புடிடா. ஒங்கிட்ட மாட்டுனாதான?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

ஆட்டம் தென்கரையில், என் பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில். பெண்களுக்குப் பந்தலில் நாற்காலி போட்டிருந்தார்கள். என் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். அண்ணி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நல்லா சாப்புட்டான். ரெண்டாம் தரம் கொழம்பு கேட்டான்" என்றாள்.

எங்கள் வடகரை டீம், தென்கரை கொடுத்த மாத்தாளை ஆட விடவில்லை. அவனுக்குப் பனியன்கூடக் கொடுக்காமல் கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

என் மகன் ஒளிக்காமல் ஆடினான். பாடிப் போய் ஆளைத் தொட்டுவிட்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும், நான் வாழப்போன ஊரின் பக்கமிருந்து கூச்சல் வந்தது.

"மாமன் ஊட்டு கறிசோறு பேசுதுடா!"

"ஒரு நேரச் சோத்துக்கு ஊர வித்துட்டான்!"

தென்கரைப் பையன்கள் அதைவிட மோசம். "ஒங்க ஆளு கையாலயே ஒங்களுக்குப் பாலு!" என்று கத்தினார்கள். செத்தவர்களுக்கு ஊற்றும் பாலை. அவர்கள் பார்வையில் என் மகன் எதிரியைக் குத்தக் கிடைத்த கத்தி, அவ்வளவுதான்.

ஆட்டம் முடியச் சற்று முன்பு கடைசியாக ஒருமுறை பாடிப் போனான். ஒருவனைத் தொட்டான். திரும்புவதற்குள் மெக்கானிக் பையன் காலைப் பிடித்துவிட்டான். மேலே மூன்று பேர் விழுந்தார்கள். அவன் பாட்டு நின்றுவிட்டது. நடுவர் விசில் ஊதினார். விசில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. விசில் ஊதினால் விட்டுவிட வேண்டும். அவர்கள் விடவில்லை. பிடித்த காலை ஒருவன் திருப்பினான், முட்டிமேல் இன்னொருவன் தன் முழு எடையோடு உட்கார்ந்தான். பொங்கல் கரும்பை முட்டியில் வைத்து ஒடிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். பந்தல் வரைக்கும் கேட்டிருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் கேட்டது.

என் கணவரின் ஊர் கைதட்டியது. விசில் அடித்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் என் வீட்டுக்குக் கோலமாவு கடன் கேட்டு வருகிற பெண் எழுந்து நின்று கை தட்டினாள். தட்டும்போதே என்னைப் பார்த்தாள். அப்புறமும் அந்தக் கை உடனே நிற்கவில்லை.

இந்தக் கரை என்ன செய்தது? கேப்டனாகிய என் அண்ணன் மகன் நடுவரிடம் ஓடினான். "கோட்டத் தொட்டுட்டான் சார்! பாயிண்ட் எங்களுக்கு! வீடியோ பாருங்க!" மொத்த டீமும் நடுவரைச் சூழ்ந்துகொண்டது. விரிப்பின் நடுவில் என் மகன் ஒருக்களித்துக் கிடந்தான். சுற்றிலும் செல்போன்கள். அவனை நோக்கி ஓடியது அவன் அப்பா மட்டும்தான். பிறகு நானும் அண்ணியும்.

நாற்காலிகள் பறந்தன. அவனைத் தூக்க ஆள் கூப்பிட்டேன். இந்தக் கரையில் ஒருவன், "ஒடச்சது அவுங்க, அவுங்க தூக்கிட்டுப் போகட்டும்" என்றான். எங்கள் வடகரை வேன் ஏற்கெனவே கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலில் இருந்தவர், கணவருக்குச் சித்தப்பா முறை, தலையை வெளியே நீட்டி, "இன்னிக்கு அவன் அந்த ஊரு ஆளுப்பா. பொறுப்பு அவுங்களோடது" என்றார். வழக்கத்தையே இருவரும் பேசினார்கள்.

கடைசியில் போட்டிக்குக் கட்டியிருந்த பேனரை அண்ணி கழற்றிக்கொண்டு வந்தாள். நாங்கள் மூன்று பேரும் அதில் அவனைக் கிடத்தி, ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி, சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் என் கையை நெரித்தான், சத்தம் போடவில்லை.

முட்டியின் ஜவ்வு அறுந்திருக்கிறது, கீழ் எலும்பில் விரிசல், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். என் மகன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எப்ப ஓடலாம் சார்?"

"மொதல்ல நடக்கலாம் தம்பி" என்றார் அவர்.

அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

யார் காலைத் திருப்பியது என்று அவன் அப்பா கேட்டுக் கேட்டுப் பார்த்தார். போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றார். "வெளையாட்டுல பட்டதுப்பா" என்பதற்கு மேல் அவன் பேசவில்லை. கணவரின் போன் மட்டும் ஓயாமல் ஒலித்தது. எங்கள் ஊர் குரூப்பில் அந்தப் பிடியை மெதுவாக ஓட விட்டு, பாட்டுச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். கீழே சிரிப்பு பொம்மைகள். தென்கரைக் குரூப்பில், அந்தப் பாயிண்ட் தங்களுக்கே சேர வேண்டும் என்று அப்போதும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எப்படி இருக்கிறான் என்று கேட்டு அன்று யாரும் வரவில்லை. மெக்கானிக் பையன் வருவான் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று வரைக்கும் அவன் வரவில்லை.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். கபடி நடக்கும், ஆனால் இனிமேல் மாத்தாள் கிடையாது. அவரவர் ஆள் அவரவருக்கு. இனிப் பிரச்சினை வராது என்று அந்தச் சித்தப்பா எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னார். என் மகன் காலை உடைத்த பகையை அப்படியே விட்டுவைத்தார்கள். அந்தப் பகைக்கு இருந்த ஒரே கடிவாளத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். அவன் ஓட்டத் தேர்வு நாள் வந்து போய்விட்டது. அன்று அவன் கடலூர் வீட்டில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கைத்தடியோடு நடந்து பழகிக்கொண்டிருந்தான். இப்போதும் தெருவில் பிள்ளைகள் விளையாடும் விசில் சத்தம் கேட்டால், அது நிற்கும் வரைக்கும் எனக்கு மூச்சு வருவதில்லை.

ஆட்டத்துக்கு மறுநாள், ஆபரேஷனுக்குக் கூட்டிப் போக ஸ்ட்ரெச்சர் வந்த அந்தக் காலையில்தான் ஒருவன் வந்தான். வார்டு வாசலில் என் அண்ணன் மகன் நின்றான். முந்தின நாள் போட்டிருந்த பனியனேதான். தூங்கின முகமில்லை. ஒரு கையில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் வேட்டி. இன்னொரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஊரே சேர்ந்து கொண்டுவர வேண்டியதை அவன் தனியாகக் கொண்டுவந்திருந்தான். உள்ளே வராமல், வீட்டு வாசலில் நிற்பது போலவே நின்றான். மாத்தாளின் அம்மா முதலில் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் அவர்கள் பேசலாம்.

நான் எழுந்து அவன் எதிரே போய் நின்றேன். கேட்பதற்கு வாயைத் திறந்தேன்.

"அத்தை," என்றான். "அத மட்டும் கேட்டுடாதீங்க அத்தை."