தாய்மாமன் பெயருக்கு ஒரு மெல்லிய எழுத்து

என் மகனின் காதுகுத்துப் பத்திரிகையை வேறு யாரிடமாவது வடிவமைக்கக் கொடுப்பேனா? இராஜபாளையத்தில் பேண்டேஜ் பெட்டிகளுக்கும் மில் விளம்பரங்களுக்கும் எழுத்துரு தேர்ந்து டிசைன் செய்வதுதான் என் பிழைப்பு. நானே உட்கார்ந்துவிட்டேன்.

எழுத்துருக்களுக்குக் குணம் உண்டு என்று நம்புகிறவள் நான். பேண்டேஜ் பெட்டியில் வரும் எழுத்து சுத்தமாக, அளவாகப் பேச வேண்டும். ஃப்ளெக்ஸில் வரும் தடித்த எழுத்தோ பந்தியில் இலைக்கு முண்டியடிக்கிற ஆள். என் கணவர் வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் அந்தத் தடியன்தான் வேண்டும். "அவன் பேரவிட எம் பேரு சின்னதா இருக்கே" என்று ஆளாளுக்குக் குறைப்பட, பெயர்களை ஒவ்வொன்றாகக் கொழுக்க வைத்தேன்.

தாய்மாமனான என் அண்ணன் பெயரை மட்டும் தனிப் பக்கத்தில், சுற்றிலும் வெள்ளை விட்டு, எனக்கு மிகவும் பிடித்த மெல்லிய எழுத்தில் வைத்தேன். கூட்டத்தில் கத்தாமல் நிற்கிற பெரிய மனுஷன் அந்த எழுத்து. ஒரு டிசைனர் அதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது என்று எனக்குள் பெருமை வேறு.

அண்ணன் ஊரான கூமாப்பட்டிக்குப் போய்த் தட்டில் வைத்துக் கொடுத்தோம். அண்ணன் பிரித்துப் பார்த்தார், மூடினார். "சரி" என்றார். வயலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை. கடைசியில் மதினிதான் கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஆஸ்பத்திரில இருந்து வந்த பொறவு ஒங்க அண்ணன் எம்புட்டு மெலிஞ்சுட்டாவன்னு ஒனக்கே தெரியும்லா. பாக்குற ஆளெல்லாம் அதையேதான் சொல்லுதாவ. இப்ப பத்திரிகையில மத்தவிய பேரெல்லாம் குண்டு குண்டா இருக்கு, அவிய பேரு மட்டும் ஊதுனா பறந்துரும் போல இருக்காம். 'எந்தங்கச்சி கண்ணுக்கும் நான் இப்பிடித்தான் தெரியுதேன்'ங்காவ."

"மாத்தி அடிச்சுத் தாரேன் மதினி."

"ஊரு பூரா குடுத்தாச்சு. இனிமே என்னத்த மாத்த?"

"விசேசத்துக்கு வருவாவளா?"

"கேட்டா வாயே தொறக்க மாட்டேங்காவ."

எங்கள் வீட்டில் தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்கும் காது குத்தியதில்லை. வழக்கம் கிடக்கட்டும். அவர் அங்கே மனம் நொந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் என்னைத் தின்றது. கணினியில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். அதே எழுத்துதான், ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் இப்போது அதில் நோயாளிதான் தெரிந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

தேவதானம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாகிவிட்டது. காது குத்தும் ஆசாரி கம்பியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். "செத்த நேரம் பாப்போம். பொறவு வேற ஆரு மடியிலயாவது உக்கார வச்சுக் குத்திருவோம்" என்றார் மாமியார். பிள்ளையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்க்க ஓடினேன்.

சீர்த்தட்டுகளோடு ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு ஃப்ளெக்ஸ். நோய்க்கு முந்திய அண்ணன், கன்னம் உப்ப, முறுக்கிய மீசையோடு அதில் சிரித்தார். கீழே அவர் பெயர், இருப்பதிலேயே தடித்த எழுத்தில், மஞ்சள் விளிம்பும் சிவப்பு நிழலுமாக, எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ள நின்றது. என் தொழிலில் செய்யக்கூடாதது அத்தனையும் அதில் இருந்தது. பின்னாலேயே அண்ணன் இறங்கி, கோயில் வாசலில் நான் கட்டி வைத்திருந்த விசேச ஃப்ளெக்ஸின் மேலேயே அதைக் கட்டச் சொன்னார்.

"எப்பிடி இருக்கு தாயி?"

"கும்முனு இருக்குண்ணே."

பொய் சொல்லவில்லை. அதைவிட அழகான எழுத்தை நான் பார்த்ததில்லை. அழுகை வந்துவிட்டது.

"அழாத. புள்ள பயந்துருவான்" என்று சொல்லிவிட்டுப் பலகையில் போய் உட்கார்ந்தார்.

பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். வழுக்கிவிடுவானோ என்று அடியில் கை கொடுத்தேன். வேட்டிக்குள் வெறும் எலும்புதான் இருந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்ப்பதற்குள், நான் நிமிர்ந்து ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டேன்.