வற்றின ஊற்றில் நின்றவள்

அசிமினாவுக்குச் சமையல் சுமாராகத்தான் வரும். அதை அவள் புருஷன் வங்கேலிஸே காபிக் கடையில் உட்கார்ந்து சொல்வான். சொன்ன கையோடு, மைனலோ மலையைச் சுற்றி இவளைப் போல வேட்டைநாய் பழக்கத் தெரிந்தவர் யார் என்றும் கேட்பான். அவனுக்கு ரொட்டி சுடுகிற வேலை. ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வந்துவிடும். துப்பாக்கி, நாய், மலை எல்லாம் அவள் பாடு.

ஊரின் பன்றி வேட்டைக் குழுவுக்கு அவளுடைய நாய்கள் வேண்டும். அவள் குரலுக்கு மட்டும்தான் அவை அடங்கும் என்பதால் அவளையும் கூட்டிப்போனார்கள். விடிந்ததும் மேட்டிலிருந்து நாய்களை அவிழ்த்துவிட வேண்டும், அப்புறம் வண்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கறியில் நாய்ப் பங்கு என்று ஒன்று கொடுத்துவிடுவார்கள். ஆனால் தொப்பியில் அவளுக்கு இடமில்லை.

தொப்பி என்றால் குழுத் தலைவர் ஸ்டாத்திஸின் கம்பளித் தொப்பி. வேட்டைக்காரர்கள் ஆளுக்கொரு தோட்டாவில் அடையாளம் கீறி அதில் போடுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, யார் எந்த இடத்தில் பன்றிக்குக் காத்து நிற்பது என்று சொல்வார். அசிமினாவும் ஒரு தோட்டாவுக்குச் சிவப்பு நகப்பூச்சில் கோடு போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தாள். வருஷக்கணக்காக அது அங்கேயே கிடந்தது. அதையும் தொப்பியில் போடட்டுமா என்று கேட்டபோதெல்லாம் முதலில் சிரித்தவன் அவள் கொழுந்தன் லாம்பிஸ்தான். கசாப்புக் கடை வைத்திருந்தான். வாயும் கத்தி மாதிரிதான்.

அந்தச் சனிக்கிழமை ஒருவருக்குக் கால் வீங்கி வரமுடியவில்லை. வற்றின ஊற்று என்கிற இடம் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் பன்றி வந்ததாக யாருக்கும் நினைவில்லை. நாய்களை விட்டுவிட்டு அங்கே போய் நிற்கும்படி ஸ்டாத்திஸ் அவளிடம் சொன்னார். அங்கே நின்று முதல் ரத்தம் எடுத்தால், அதாவது பன்றிமேல் படுகிற முதல் குண்டு அவளுடையதாக இருந்தால், அவள் தோட்டாவும் தொப்பிக்குள் விழும், இல்லாவிட்டால் இந்தப் பேச்சையே இனி எடுக்கக்கூடாது என்றும் சொன்னார். அதற்கு அவளும் ஒத்துக்கொண்டாள்.

"அண்ணி, பன்னி வந்தா உங்க சமையல்ல ஒரு வாய் குடுங்க. அங்கயே சுருண்டுரும்" என்றான் லாம்பிஸ்.

அவள் நாய்களை அவிழ்க்க மேட்டுக்கு நடந்தாள். சமையல் விஷயத்தில் அவன் சொன்னது நிஜம்தானே.

நாய்கள் குரைத்துக்கொண்டு எல்லாரும் எதிர்பார்த்த மாதிரி எலியாஸ் கோயில் வளைவு என்கிற இடத்துப் பக்கம்தான் போயின. பிறகு சத்தம் திரும்பியது. பெரணிச் செடிகள் விலக, கன்னங்கரேலென்று ஒரு கிழட்டு ஆண்பன்றி ஊற்றுக்கு நேரே இறங்கி வந்தது. அசிமினா மூச்சைப் பிடித்துச் சுட்டாள். தோளுக்குப் பின்னால் பட்டது. பன்றி முட்டி போட்டது, எழுந்தது, சரிவில் இறங்கி மறைந்துவிட்டது.

ஓடு ஓடு என்று கால் துடித்தது. ஆனால் வேட்டை முடிந்ததென்று ஸ்டாத்திஸ் கொம்பு ஊதுகிறவரை நின்ற இடத்தைவிட்டு யாரும் நகரக்கூடாது; மரத்துக்குப் பின்னால் இருப்பது பன்றியா மனுஷனா என்று தோட்டாவுக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஒரு வெடி கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். அழுகைகூட வந்தது.

கொம்பு ஊதியபின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். லாம்பிஸ் பன்றிமேல் கால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். மற்றவர்களும் ஸ்டாத்திஸும் வந்து சேர்ந்தார்கள்.

"இங்கேருந்துதான் மாமா. பக்கத்துல வரட்டும்னு விட்டு, ஒரே குண்டு" என்றான்.

ஸ்டாத்திஸ் பன்றியைப் பார்க்கவே இல்லை. "உனக்குக் கோயில் வளைவுதானே விழுந்துது?"

லாம்பிஸின் கால் தானாகக் கீழே இறங்கியது. கொம்பு ஊதுமுன்பே அவன் தன் இடத்தைவிட்டு வந்திருக்கிறான் என்று அசிமினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கால் சொன்னதைக் கேட்டு அவளும் ஓடி வந்திருந்தால் அவன் துப்பாக்கிக்கு நேராக வந்திருப்பாள்.

ஸ்டாத்திஸ் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவரை ஏறிப்போய்விட்டுத் திரும்பி, முதல் குண்டு அசிமினாவுடையதுதான், தலை அவளுக்கு என்றார். கொன்றது தான்தானே, பன்றித் தலையை ஒரு பொம்பளைக்கா தூக்கிக் கொடுப்பது என்று லாம்பிஸ் முனகினான்.

"முதல் ரத்தம் யாருதோ, தலை அவங்களுக்கு. பொம்பளைக் குண்டு, ஆம்பளைக் குண்டுன்னு பன்னி மேல எழுதியா வச்சிருக்கு?" என்றார் ஸ்டாத்திஸ்.

அன்று வண்டியின் முன்பக்கம் அந்தத் தலையைக் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தார்கள். மாவுக் கையோடு வெளியே வந்த வங்கேலிஸ் தலையைப் பார்த்து வெளுத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அப்படியும் வாய் ஓயவில்லை. என் பெண்டாட்டி, என் பெண்டாட்டி என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தான். ரொட்டி அடுப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தத் தலையைச் சுட்டதும் அவனேதான். ஊரே உட்கார்ந்து தின்றது. பெரிய இடத்து ராணி மாதிரி அசிமினா நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஏன் உட்காரக்கூடாது?

அடுத்த சனிக்கிழமை ஸ்டாத்திஸ் தொப்பியை முதலில் அவளிடம்தான் நீட்டினார். சிவப்புக் கோடு போட்ட தோட்டா உள்ளே விழுந்தது. அவர் துழாவி எடுத்தபோது முதலில் வந்ததும் அதுதான். கிடைத்த இடம் வற்றின ஊற்று.

லாம்பிஸ் மெல்லப் பக்கத்தில் வந்தான். "அண்ணி, இடம் மாத்திக்கலாமா?"

"அங்க நிக்கணும், தம்பி. உனக்கு அது வராது" என்று சொல்லிவிட்டு, அசிமினா நாய்களைக் கூப்பிட்டாள்.