பாட்டு நோட்டில் ஒட்டியிருந்த பதினோராம் பக்கம்

“1996 ஆகஸ்ட் 14, புதன். காலை 10.20க்குக் கரண்ட் போனது. புரோகிராம் போய்விட்டது. ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.”

என் டைரியில் அன்று எழுதியது இவ்வளவுதான். எழுதாமல் விட்டதை நம் கோயில் பங்கு மக்களுக்கு இப்போது சொல்கிறேன்.

ஸ்டெல்லா என் மனைவி. அப்போது இரண்டாவது பிரசவத்துக்காகக் காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அன்று காலை எட்டு மணிக்கு அவளுக்கு ரத்தப்போக்கு தொடங்கியது. மறுநாள் காலை ஆபரேஷன், அதற்குள் பி நெகட்டிவ் ரத்தம் ஒரு பாட்டிலாவது வேண்டும் என்றார் டாக்டர். ஊரில் இல்லை. மதுரைக்குப் போன் செய்தோம். அங்கும் இல்லை.

நான் கலங்கவில்லை. காரணம் என் கர்வம். நகரில் சிறிய கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தி வந்தேன். சாக்கோட்டை, கானாடுகாத்தான், கொத்தமங்கலம் பக்கத்தில் ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பெயர்களை நம் இளைஞர் குழு திரட்டியபோது, அவற்றைச் சேர்த்து வைக்கும் புரோகிராமை நான்தான் எழுதினேன். கம்ப்யூட்டர் வட்டில் இடம் மிச்சம் பிடிக்க, பெயர்களைச் சுருக்கிச் சேமிக்கும் முறை ஒன்றை நானே வகுத்தேன். என் புரோகிராம் இல்லாமல் யாராலும் அவற்றைப் படிக்க முடியாது. கம்ப்யூட்டரில் ஏறிய பிறகு படிவங்கள் எதற்கு என்று சொல்லி, அவற்றைப் பழைய பேப்பரோடு போடவைத்ததும் நானே.

அந்தப் புரோகிராம் ஊர்வாரியாகத்தான் தேடும். ரத்த வகை வாரியாகத் தேட நாலு வரி சேர்த்தால் போதும் என்று வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். வட்டில் இடம் போதவில்லை. எழுதிய வரிகளை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர் எப்படியும் புதிதாக ஒன்றைத் தரப்போகிறதே என்று, ஓடிக்கொண்டிருந்த பழைய புரோகிராமை அழித்தேன். பிறகு, நான் எழுதிய மூல வரிகளைச் சேமிக்கப் பொத்தானை அழுத்தினேன். அந்த நொடியில் கரண்ட் போனது. 11.05க்கு வந்தபோது மூலக் கோப்பு வெறுமையாக இருந்தது. பெயர்கள் வட்டில் அப்படியே இருந்தன; படிக்கத்தான் வழியில்லை.

புரோகிராமின் நகல் இரண்டு பிளாப்பி வட்டுகளில் இருந்தது. அவற்றை வீட்டுப் பீடத்தில் வைத்திருந்தேன். பாதுகாப்புக்காக, வேளாங்கண்ணியில் வாங்கிய சிறிய மாதா சுரூபத்தை அவற்றின் மேல் நிறுத்தியிருந்தேன். வண்டியில் ஒட்டி வைக்கிற சுரூபம் அது. அடியில் காந்தம். பிளாப்பிக்குக் காந்தம் ஆகாது என்று வாரந்தோறும் வகுப்பில் சொல்கிறவன் நான். மாதாவின் காலடியைப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை. இரண்டு பிளாப்பிகளையும் கம்ப்யூட்டரால் படிக்க முடியவில்லை.

பீடத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நோய்க்காக ஜெபித்திருக்கிறேன். மழைக்காக ஜெபித்திருக்கிறேன். நானே செய்த முட்டாள்தனத்துக்காக ஜெபிக்க வாய் வரவில்லை. கடைசியில், “அம்மா, கெடுத்தது நான். அவளை மட்டும் விட்றாதீக” என்றேன்.

அப்போதுதான் கோயிலில் பாடற்குழு பழகுவது கேட்டது. மறுநாள் மாதாவின் விண்ணேற்புத் திருவிழா. சட்டென்று நினைவு வந்தது. ஜூலையில் அந்தப் புரோகிராமை முழுவதும் அச்செடுத்து, திருத்தி முடித்த பின், மறுபக்கத்தில் பாட்டு எழுதிக்கொள்ளட்டும் என்று பதினெட்டுத் தாள்களையும் பாடற்குழுவுக்குக் கொடுத்திருந்தேன்!

ஓடினேன். குழுவை நடத்தும் ஆரோக்கியம் டீச்சர் விஷயத்தைக் கேட்டதும் ஆர்மோனியத்தை மூடினார்.

“எல்லாரும் தாளைத் திருப்புங்க. சார் வீட்டுக்கு நடங்க.”

வரிசை எண்படி ஒவ்வொருவராக வாசித்தார்கள். நான் தட்டினேன். அடைப்புக்குறி திற, அடைப்புக்குறி மூடு, அரைப்புள்ளி என்று டிக்டேஷன் போலப் போனது.

“டீச்சர், இது லத்தீன் பூசைப் பாட்டா?” என்றான் லூர்து. குழுவில் கடைசி வரிசையில் நிற்பவன்.

“உனக்குத் தமிழ்ப் பாட்டே லத்தீன் மாதிரித்தான வருது. பேசாம வாசிடா.”

பத்தாம் பக்கம் முடிந்தது. பதினோராம் பக்கம் லூர்துவுடையது. அவன் நோட்டை நீட்டினான். பாட்டு மேலே தெரிந்தது. என் வரிகள் இருந்த பக்கத்தில் கஞ்சிப் பசை தடவி அட்டையோடு ஒட்டியிருந்தான்.

“கிழியாம இருக்கணும்னுதான் சார்...” என்றான்.

சுருக்கிய பெயர்களை விரிக்கும் வரிகள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. அவை என் நினைவில் இல்லை. டீச்சர் சிலுவை அடையாளம் போட்டு, “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கினார். எல்லாரும் சொன்னோம். சொல்லி முடித்ததும் நோட்டை வாங்கித் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்தார்.

“டீச்சர், பாட்டு அழிஞ்சிரும்!”

“அழியட்டும்டா. இத்தன வருசமாப் பாடுறீக, மனசுல நிக்கலையா?”

கால் மணி நேரத்தில் பசை இளகியது. பேனாவில் எழுதிய பாட்டு நீலமாகக் கரைந்து தண்ணீரில் போனது. தாளைத் திருப்பினோம். பிரிண்டர் ரிப்பனின் மை எண்ணெய் கலந்தது. ஒரு புள்ளி கூடக் கலையவில்லை.

ரத்த வகை தேடும் நாலு வரியையும் சேர்த்தேன். மாலை 4.10க்குக் கம்பைலர் பிழை எதுவும் காட்டாமல் முடித்தது. பி நெகட்டிவ் என்று மூன்று பெயர்கள் வந்தன. ஒருவர் சென்னைக்குக் குடிபோயிருந்தார். ஒருவருக்குக் காமாலை. மூன்றாமவர் கொத்தமங்கலத்தில் விவசாயம் பார்க்கும் சண்முகம். பெட்டிக்கடைப் போனில் சொல்லி அனுப்பினோம்.

மறுநாள் காலை 6.30க்குச் சைக்கிளில் வந்து நின்றார். எங்கள் கூட்டத்தைப் பார்த்து, “என்னங்க, ஒரு பாட்டில் ரத்தத்துக்கு இம்புட்டுப் பேரு கும்புடுறீக?” என்று சிரித்தார். 9.40க்கு மகள் பிறந்தாள். ஸ்டெல்லா பிழைத்தாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். திருவிழாப் பூசையில் பாடற்குழு தாள் இல்லாமல் பாடியதாம். இரண்டாவது சரணத்தில் லூர்து மட்டும் ராகம் தப்பித் தனியாகப் போனதாக டீச்சர் சொன்னார்.

அதன் பிறகு, புதியது ஓடுவதைப் பார்க்காமல் பழையதை நான் அழித்ததில்லை. நகல்களை ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஒன்று என்னிடம், ஒன்று டீச்சர் வீட்டில், ஒன்று தேவகோட்டையில் தம்பியிடம். மாதாவின் காலடியை விட்டு வேறிடங்களில் நகல் வைப்பது விசுவாசக் குறைவு என்று இப்போது எனக்குத் தோன்றுவதில்லை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பிறர் செய்த தீங்குக்காக மட்டும் ஜெபிக்காதீர்கள். உங்கள் கைத்தவறையும் வெட்கப்படாமல் ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். என் தவற்றை அவர் தள்ளிவிடவில்லை.

தேதி குறித்து வைக்கிறவன் என்பதால் இதையும் எழுத வேண்டும். நன்றி சொல்ல நான் கொத்தமங்கலம் போனபோது சண்முகம் சொன்னார்: “ரத்தம் என்ன வகைன்னு எங்கப்பாரு ஆபரேசனப்ப எனக்குப் பாத்தாங்க. ஆனா பேரு குடுத்தது நான் இல்லீங்க. கூப்பிட்டீக, வந்தேன்.” அவர் வீட்டிலும் கேட்டேன், பெயர் திரட்டிய இளைஞர்களையும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இதை எழுதும் 1998 வரை, அவர் பெயரைக் கொடுத்தவர் யார் என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.