பதினொரு மணிக்குக் குக்கர் வைக்க வேண்டாம்

சிறுசேரி மென்பொருள் பூங்காவில் வேலை என்றால் அது அரசாங்க வேலையைப் போல நிலையானது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். என் தங்கை அங்கே பதினான்கு ஆண்டுகள், மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் பணியில் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய குழுவையே கலைத்துவிட்டார்கள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு. மாடம்பாக்கத்தில் நாங்கள் இருவரும் குடியிருந்த வீட்டின் வாடகை என் ஓய்வூதியத்துக்குள் மட்டும் அடங்கக்கூடியதன்று. ஆடியில் வீடு மாறும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆகவே ஆனிக்குள் வேலை கிடைக்காவிட்டால் காலி செய்துகொண்டு திருச்சிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று.

எங்கள் குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளில், எங்கள் வீட்டையும் சேர்த்து நான்கில், அந்த ஆண்டு வேலை இழந்தவர்கள் இருந்தார்கள். அது ஒருவருக்கொருவர் தெரியாது. லிஃப்டில் பார்த்துக்கொண்டால் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்பார்கள்.

நேர்காணல்கள் எல்லாம் கணினித் திரையில்தான். தங்கையின் இரண்டாவது நேர்காணல், கீழ்வீட்டுத் தையல் மிஷினின் இரைச்சலில் மூழ்கிப்போயிற்று. மறுநாள் அவள் வெட்கத்தோடு இறங்கிப் போய் உண்மையைச் சொன்னாள். ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அந்த அம்மாள் கோபித்துக்கொண்டார்.

"முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா? நான் என்ன, மிஷினையா கட்டிக்கிட்டு அழறேன்?"

அன்றே லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினார். யாருக்கு என்றைக்கு, எத்தனை மணிக்கு நேர்காணல் என்று அதில் எழுத வேண்டும். அந்த நேரத்தில் குக்கர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எதுவும் கூடாது. முதலில் தங்கை எழுதினாள். ஒரு வாரத்தில் மற்ற மூன்று பெயர்களும் தாமாகவே வந்து சேர்ந்தன.

ஆனி கடைசி வாரம், காலை பதினொரு மணி, தங்கையின் முறை. காய்கறி வண்டி ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் திரும்ப, கீழ்வீட்டு அம்மாள் அதை வழிமறித்தார்.

"இன்னாக்கா, தக்காளி வாங்கல?"

"அப்புறம் வா. எங்க பொண்ணுக்கு இண்டர்வியூ."

"உனுக்குத்தான் பொண்ணே கெடையாதேக்கா."

"இப்ப இருக்கு. மைக்கை அமத்து."

மேலே நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். ஆறு மாதமாக என்ன செய்தீர்கள் என்று திரையில் இருந்தவர் கேட்டார். தங்கை மனப்பாடம் செய்திருந்த பதிலைத் தொடங்கியதும், பக்கத்து விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் ஒன்று கூரைக்கு மேல் வந்தது. அதை எந்தத் தாளும் நிறுத்தாது. இந்தப் பக்கத்து மக்கள் எல்லோரும் செய்வதைப் போல, அவள் பாதி வாக்கியத்தில் பேச்சை நிறுத்திக் காத்திருந்தாள். ஓசை அடங்கியதும் அவர் தொடரச் சொன்னார்.

"கொஞ்சம் இருங்க சார். அது திரும்பி வரும்."

வந்தது. அவர் சிரித்துவிட்டார்; அவளும் சிரித்தாள். அதற்குள் மனப்பாடம் மறந்துபோயிருந்தது. வேலை போனதை, அதை மறைத்துத் திரிந்ததை, பிறகு குடியிருப்பில் மற்ற மூவரையும் உட்காரவைத்து நேர்காணலுக்குப் பழக்கியதை, எல்லாம் நேராகச் சொன்னாள். நான் கேட்டவற்றுள் அவளுடைய மிகச் சிறந்த பேச்சு அதுதான்.

நான்கு நாளில் பெரும்பாக்கத்து அலுவலகம் ஒன்றிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. கீழ்வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் நிறைய சேமியா பாயசம் வந்தது. கட்டி வைத்திருந்த பெட்டிகளை அன்று மாலையே பிரித்தோம்.

மற்ற மூவரில் ஒருவர் பெங்களூருக்கும் ஒருவர் மதுரைக்கும் போய்விட்டார்கள். ஒருவர் இங்கேயே மாவுக் கடை வைத்திருக்கிறார். மூன்றாம் மாடியில் நாங்கள் இருவரும் இருக்கிறோம்.