இரண்டு சைக்கிள், ஒரு சின்னக் கார்

இன்று யோங் பெங்கில் கார் பாகங்கள் பொருத்தும் ஒரு கடையிலிருந்து மனம் விட்டுப்போய்த் திரும்பினேன்.

என் மகள்கள் இருவரும் சைக்கிள் பந்தயப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறார்கள். வாரா வாரம் ஜோகூர் பாருவுக்குப் போக வேண்டும். என் சின்னக் காரின் பின் இருக்கையை மடித்தால் ஒரு சைக்கிளும் ஒரு பிள்ளையும்தான் போகலாம். அதனால் பின்னால் ஹிட்ச் என்ற இழுவைக் கொக்கியைப் பொருத்தி, அதில் சைக்கிள்களைத் தொங்கவிடும் ரேக் மாட்டலாம் என்று மூவரும் போனோம்.

கடைக்காரர் குனிந்து காரின் அடியைப் பார்த்தார்.

“முடியாதுக்கா. தகடு ரொம்ப மெலிசு. ரெண்டு சைக்கிள் தொங்கினா பம்பரே கழண்டு வந்துரும் லா.”

“பின் கதவுல கட்டுற ரேக் இருக்குல்ல?”

“மேல இருக்கிற ஸ்பாய்லர் பிளாஸ்டிக்குக்கா. உடைஞ்சிரும்.”

“கூரையில?”

“அதுவும் தாங்காது. சாரிக்கா.”

காரில் ஏறியதும் பெரியவள் சொன்னாள்: “தங்கச்சி போகட்டும்மா. அவதான் நல்லா ஓட்டுவா.”

சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள். “அக்கா வரலைன்னா நானும் போகமாட்டேன்.”

காரைக் கிளப்பி வீட்டுக்கு வந்தோம். இப்போதும் இருவரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள்.

வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘பெரிய கார் வாங்கு’ என்பவர்கள் தயவுசெய்து சாவியோடு வரவும்.